வயிற்றுக்கு ஒரு டிசைன் மாற்றம்
(முன்னாள் மாணவர் சந்திப்பின் குடும்ப அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, நீ ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும்" என்றபோது, ஏதோ ஆட்டோமேஷன் பற்றிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். "அதெல்லாம் யாருக்கப்பா வேணும்? போன சந்திப்பில் பார்த்த ஆளா நீ? என்ன பண்ணினே, அதைச் சொல்லு" என்றார். இன்று காலை வாசலில் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனவர்களே ஏழெட்டுப் பேர். இரண்டு பேர் ஓரமாக அழைத்துப் போய், "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மெதுவாக விசாரித்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வேறு வியாதி எதுவும் இல்லை.

2009-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போகும்போது என் எடை 84 கிலோ. அப்போதே ஹாஸ்டலில் எனக்கு என்ன பட்டப்பெயர் என்பது உங்களுக்குத் தெரியும், என் பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருப்பதால் சொல்ல வேண்டாம். 2023 கடைசியில் 124 கிலோ. உயரம் 171 சென்டிமீட்டர். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. என்ற எண் வரும். எனக்கு 42 வந்தது. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. இவையெல்லாம் பகலில் தெரிகிற விஷயங்கள். ராத்திரி நடப்பதுதான் எனக்குத் தெரியாது, என் மனைவிக்குத் தெரியும். நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேனாம், திடீரென்று சத்தம் நின்றுவிடுமாம். மூச்சும்தான். அது திரும்ப வருகிறதா என்று அவள் விழித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பாள். தூக்கத்தைச் சோதித்தபோது மணிக்கு 48 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்கிறார்கள். ஸ்லீப் ஆப்னியா என்பது அதன் பெயர். முகமூடி மாதிரி ஒரு சி-பாப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். அதைப் பார்த்து என் சின்னப் பெண் ஒரு வாரம் எங்கள் அறைக்கே வரவில்லை.

"வாயைக் கட்டினா போதுமே" என்று உங்களில் பாதிப் பேர் இப்போது நினைப்பீர்கள். வாயைக் கட்டியும் பார்த்தாயிற்று. 2018-ல் எட்டு மாதம் அரிசியைத் தொடாமல், தினம் ஆறு கிலோமீட்டர் நடந்து, 14 கிலோ குறைத்தேன். இரண்டு வருஷத்தில் அது 17 கிலோவாகத் திரும்பி வந்தது. இது ஏன் என்பதற்கு 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் எனக்கு விளக்கம் கிடைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் பழைய எடையை நோக்கிப் போயிருந்தார்கள். ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தியோ, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் நடத்திய நம் சார் இங்கே இருக்கிறார், அவருக்கு உடனே புரியும். செட் பாயின்ட்டை மாற்றாமல் வெளியே இருந்து எவ்வளவு தள்ளினாலும் சிஸ்டம் பழைய இடத்துக்கே வரும். மன உறுதி இல்லாதவன் என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்டவனுக்கு, அந்தக் கட்டுரை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

அறுவை சிகிச்சை என்று வீட்டில் சொன்னதும் அம்மா கோபியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள். "ஏங் கண்ணு, நல்லா இருக்கற வயித்த எதுக்கு அறுக்கோணும்?" என்று ஒரே அழுகை. அவர்கள் பயத்துக்கும் காரணம் இருந்தது. 2024 ஏப்ரலில் சென்னையில் ஓர் இளைஞர் இதே சிகிச்சைக்குப் போய் இறந்த செய்தி எல்லா டி.வி.யிலும் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, டி.வி.யை மட்டும் அணைத்தாள். அன்று ராத்திரி, "என்னங்க, பண்ணாம இருந்தா என்ன ஆகும்னும் டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். இவ்வளவு விவாதத்தில் எனக்கு உபயோகமான கேள்வி அது ஒன்றுதான்.

கேட்டேன். பெரிய மையங்களில் இந்த அறுவையால் இறப்பவர்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர், பித்தப்பை அறுவைக்குச் சமமான ஆபத்து என்றார் சர்ஜன். மறுபக்கத்துக்கு ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வைக் காட்டினார். அறுவை செய்துகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரையும், அதே அளவு பருமனான, அறுவை செய்யாத இரண்டாயிரம் பேரையும் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2007-ல் வந்த முடிவின்படி, அறுவை செய்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைவு. நான் ஒரு காகிதத்தில் இரண்டு பக்கத்தையும் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த டாக்டரு இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பண்ணியிருக்காரு, ஐ.சி.யூ. அங்கயே இருக்குதா?" என்று கேட்டார்கள். படிக்காதவர்கள் கேட்ட அந்தக் கேள்வியை, சிகிச்சைக்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்வது என்று சொல்லி என் விண்ணப்பத்தை முதலில் திருப்பிவிட்டார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட விதியில், பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேலிருந்து கூடவே கட்டுப்படாத சர்க்கரை, தீவிர ஸ்லீப் ஆப்னியா மாதிரியான நோய் இருந்தால், டாக்டர் ஆலோசனையின் பேரில் செய்வதை விலக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தையே இணைத்து அனுப்பினேன், பணம் வந்தது. மருத்துவர் சங்கங்கள் 2022-ல் இந்த வரம்பை இன்னும் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. இன்சூரன்ஸ் விதி அந்த அளவுக்கு இன்னும் இறங்கி வரவில்லை.

செய்தது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. இரைப்பையின் வெளி வளைவுப் பக்கத்தில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விடுகிறார்கள். வயிற்றில் ஐந்தாறு சின்னத் துளைகள், அவ்வளவுதான். வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, அதை ஒட்டியே ஸ்டேப்ளரை ஓட்டுகிறார்கள். நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் அது ஒரு ஜிக். எனக்குப் போட்டது 36 பிரெஞ்ச் அளவு. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர், அதாவது 12. ஸ்டேப்ளர் இரு பக்கமும் மும்மூன்று வரிசை பின் அடித்து நடுவில் வெட்டிக்கொண்டே போகும். கடைசியில் கசிவு இருக்கிறதா என்று சோதனை, நாம் பைப்லைனுக்குப் பண்ணுவதுபோலவே. கொள்ளளவு குறைவது பாதிக் கதைதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். செட் பாயின்ட்டில் கை வைப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் புரோட்டீன் பானமும் சூப்பும் மட்டும். ஈரல் கொழுப்பு வைத்துப் பெருத்து இரைப்பையை மறைத்துக்கொண்டிருக்கும், அது சுருங்கினால்தான் சர்ஜனுக்கு வழி தெரியும். அறுவை முடிந்த அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள். கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் நடையும், இறுக்கமான காலுறையும், ஹெபாரின் ஊசியும். வயிற்றை ஊதவைத்த வாயுவால் தோள்பட்டையில் ஒரு வலி வந்தது பாருங்கள், அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. தையலைவிட அதுதான் படுத்தி எடுத்தது. மூன்றாம் நாள் வீடு.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. மருந்து அளக்கிற சின்ன அளவுக் கப், 30 மில்லி, அதில் கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர். முதல் வாரம் முழுக்க நாள் அதிலேயே போயிற்று. பிறகு மோர், பருப்புத் தண்ணி, இளநீர். எதிர்ப்புத் தெரிவித்த என் அம்மாவே கொள்ளு ரசத்தை மூன்று தடவை வடிகட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்றாம் வாரம் மசித்த இட்லி, அப்புறம் முட்டை, பனீர். பசி இல்லை, ஆனால் சாப்பாட்டு ஞாபகம் போகவில்லை. வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தால் மாடிக்குப் போய்விடுவேன். இரண்டாம் மாதம் ஒருநாள் தோசைத் துண்டு ஒன்று நெஞ்சில் நின்றுகொண்டு அரைமணி நேரம் உயிரை எடுத்தது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன். ஒரு முட்டையில் 6 கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டியது. வேகமாக எடை குறையும்போது வருவதுதான், ஒன்பதாம் மாதம் திரும்ப முளைத்தது. அதைவிட சிரமம் பந்தி. மச்சினன் கல்யாணத்தில் இரண்டு கரண்டி சாம்பார் சாதத்தோடு இலையை மூடினேன். "மாப்பிள்ளைக்கு என்ன கோபம்?" என்று சமையல்காரர் வரைக்கும் விசாரணை வந்துவிட்டது. நம் ஊரில் சாப்பிடாமல் எழுந்திருப்பது ஒரு செய்தி அறிவிப்பு மாதிரி. இப்போது என் மனைவியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம், என் இலைக்கு விழுவது அவள் இலைக்கு நகர்ந்துவிடும். யாரும் கவனிப்பதில்லை.

பதினெட்டாம் மாதம் எடை 88. இப்போது 90-ல் நிற்கிறது, இதற்குக் கீழே போகாது என்றுதான் தோன்றுகிறது. சர்க்கரை மாத்திரை இரண்டும் நின்றன, பிரஷர் மாத்திரை பாதியாகி இன்னும் இருக்கிறது. சி-பாப் கருவி அலமாரி மேல். தொளதொளத்த தோல் வயிற்றில் தொங்குகிறது, சட்டையை உள்ளே விட்டால் தெரியாது. வைட்டமின், இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் ஆயுள் முழுக்க, வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையும்.

"இப்போதான் ஊசி வந்துடுச்சே, எதுக்கு அறுத்துக்கிட்டே?" என்று ஒரு நண்பர் டீக்கடையில் கேட்டார். மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும்தான் இந்தியாவுக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான், பலருக்கு அறுவையே தேவைப்படாமல் போகலாம். நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்புகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்குக் கையில் இருந்த வழி இது.

கடைசியாக, சாயங்காலம் விடுதி மொட்டை மாடியில் கூடும் அன்பர்களுக்கு ஒரு தகவல். இந்த அறுவைக்குப் பிறகு மது வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். ஆகவே என்னை வற்புறுத்த வேண்டாம். சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அம்மா கேட்டதுதான் அதில் முதல் கேள்வி. வேண்டுபவர்கள் பதிவு மேஜையில் வாங்கிக்கொள்ளலாம்.