குடத்துக்குள் போகும் கை

(‘வீட்டுக் குடிநீரைக் காப்பது கருவியா? பழக்கமா?’ பட்டிமன்றத்தில் ‘பழக்கமே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய தம்பி, “எங்க வீட்டிலே மெஷின் மாட்டிட்டோம், இனிமே கிருமி எட்டிக்கூடப் பார்க்காது”ன்னார். ரொம்ப சந்தோஷம். மெஷினைக் குறை சொல்ல நான் வரவில்லை. உப்புக் கரிக்கிற போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான். ஆனால் தம்பி, மெஷினை விட்டு வெளியே வந்த தண்ணி அப்புறம் எங்கே போகுது? அதைச் சொல்லாம உட்கார்ந்துட்டீங்களே!

குழாய்த் தண்ணியிலே ஒரு வாசனை அடிக்குதே, அதுதான் குளோரின். நகராட்சி கூடவே அனுப்பி வைத்த காவல்காரன். உங்க மெஷினிலே இருக்கிற கரி வடிகட்டி என்ன செய்கிறது? அந்தக் காவல்காரனைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது! தண்ணி ருசியாத்தான் இருக்கும், காவல் கிடையாது. அதைக் குடத்திலே பிடிச்சு வைக்கிறோம். விளையாடிவிட்டு வந்த பையன் டம்ளரைக் கையோடு முக்குகிறான். கையைக் கழுவினானா? அவனையே கேளுங்க! (சிரிப்பு) ராத்திரி வயிற்றுப்போக்கு. “மெஷின் தண்ணிதானே குடிச்சான்?”னு அம்மா கேட்கிறாங்க. தண்ணி மெஷின் தண்ணிதாம்மா. கை மெஷினுக்குள்ளயா போச்சு? குடத்துக்குள்ள இல்ல போச்சு!

வங்கதேசத்திலே மத்லப் என்றொரு பகுதி. ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி அம்மையாரும் அவர் குழுவினரும் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். காலராக் கிருமி தனியாக வந்தால் துணியிலே நிற்காது. ஆனால் குளத்துத் தண்ணியில் நீந்துகிற நுண்ணிய உயிர்கள் மேலே அது ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும். குதிரையைப் பிடித்தால் சவாரிக்காரனும் மாட்டிக்கொள்வான் அல்லவா? பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்து வாயிலே வைத்து வடிகட்டச் சொன்னார்கள். 2003இல் முடிவு வெளிவந்தது. காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது! அதிலும் புதுச் சேலையைவிடப் பழைய சேலைதான் உசத்தி. துவைக்கத் துவைக்க இழை பிரிந்து துணியின் கண் சின்னதாகிவிடுகிறதாம். இதைச் சாக்கு வைத்து தீபாவளிக்குச் சேலை எடுக்காம இருந்துடாதீங்க, அய்யாமார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

துணி மட்டும் போதும்னு நான் சொல்லலை. பாதிக்குப் பாதி இன்னும் பாக்கி இருக்குதே! 1993இல் அமெரிக்காவிலே, மில்வாக்கி நகரத்திலே, குளோரினுக்கே அசராத ஒரு கிருமி குழாய் வழியாக வந்து, ஏறத்தாழ 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. அங்கே என்ன சொன்னார்கள்? “காய்ச்சிக் குடிங்க!” தளதளன்னு 1 நிமிஷம் கொதித்தால் அந்தக் கிருமியும் செத்துப் போகும். நம்ம பாட்டி சொன்ன வைத்தியம்! காய்ச்சின தண்ணிக்கும் காவல்காரன் இல்லை. அதனாலே மூடி போட்டு, குழாய் வைத்த பாத்திரத்திலே வையுங்கள். இல்லையென்றால் நீளக் காம்பு அகப்பையாலே மொள்ளுங்கள்.

எதிரணியிலே அடுத்துப் பேச வருகிற அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். உங்க வீட்டு மெஷினிலே அந்த வடிகட்டியைக் கடைசியா எந்த மாசம் மாத்தினீங்க? தேதிகூட வேண்டாம்மா, வருஷத்தைச் சொன்னாப் போதும்! (கைதட்டல்)