துண்டும் பூட்டன் சான்றும்



பொருநைக் கரையிலிருந்தும் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர் பலர். அங்கு அவர்களைக் கட்டிப்போட்டது 'துண்டு' என்னும் சிறு தாள். அதில் எழுதிய கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. 1921-இல் துண்டு ஒழிந்தது.

1948-இல் அதனினும் கொடிய தாள் வந்தது. தேயிலைக் காட்டிலேயே பிறந்தவனிடம், 'உன் தந்தை இங்குப் பிறந்தானா? அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனரா?' எனச் சான்று கேட்டது இலங்கைக் குடியுரிமைச் சட்டம். லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்கு எவன் ஓலை எழுதி வைத்தான்? 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு இலக்கத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1,34,000 பேர்க்கே உரிமை கிட்டிற்று. கொழுந்து பறிக்க மட்டும் எவரும் சான்று கேட்கவில்லை! அரசுப் பணிக்கும் வாக்குரிமைக்குமே கேட்டனர். 1964-இல் 5,25,000 பேரைத் தில்லிக்கும் 3,00,000 பேரைக் கொழும்புக்குமாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை.

2003-இல் இலங்கை, அங்கு எஞ்சியோர்க்கு உரிமை வழங்கியது. ஆனால் 1983-க்குப் பின் ஏதிலியராய்த் தமிழகம் வந்த மலையகத் தமிழருள் பலர் இன்னும் முகாம்களில் குடியுரிமையின்றி வாழ்கின்றனர். முகாமில் வளர்ந்து பட்டம் பெற்ற இளைஞனுக்கு அரசுப் பணி இல்லை. சுவருக்கு வண்ணம் பூசும் நாட்கூலி உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் என மூன்று நாடுகளைச் சுட்டியது, இலங்கையைச் சுட்டவில்லை.

இவர்களின் பூட்டன் பிறந்தது தமிழ் மண். அங்கே இல்லாத பூட்டன் சான்று இங்கே இருக்கிறது. குறுக்கே நிற்பது, 'சட்டப்புறம்பாய்க் குடியேறியோர்' என்னும் தில்லியின் சொல்லே.