நாகப்பூச்சும் துருவும்: ஒரு பழைய லேண்ட்ரோவரை முன்வைத்து

(தோட்ட மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரை)

 

இம்மண்டபத்தின் வாயிலில் ஒரு பழைய லேண்ட்ரோவர் நிற்கின்றது. தோட்ட நிர்வாகம் கழித்துவிட்ட அவ்வண்டியை உங்களுள் ஐந்து குடும்பத்தார் கூட்டாகப் பணம் போட்டு வாங்கியிருக்கின்றனர். காய்கறி ஏற்றலாம், ரப்பர் பால் ஏற்றலாம், நாலு காசு சேர்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வண்டியின் விளிம்புகளிலெல்லாம் துரு ஏறியிருக்கின்றது. என்ன செய்வது என்று நம்மைக் கேட்டனர். நாம் பட்டறைக்காரர் அல்லர். கரும்பலகையின் முன் நின்று பழகியவர். ஆயினும் உலோகங்களின் குணத்தை மாணாக்கருக்குக் கற்பித்திருக்கின்றோம். பட்டறைகளில் கேட்டறிந்ததும் உண்டு. அதனைச் சொல்கின்றோம்.

1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி இது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், இதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். விளிம்புகளில் ஓடும் சாம்பல் நிறப் பட்டைகளும், முன்புற பம்பரும் எஃகு. அவற்றை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தனர். நம் கூரைத் தகரத்திற்குப் பூசியிருப்பதும் இதே நாகம்தான். அடியிலுள்ள சட்டகத்திற்கு அப்பூச்சு இல்லை. அதற்கு வெறும் சாயமே. சட்டகத்தின் கதை வேறு. இன்று அதனைத் தொடவில்லை.

துத்தநாகம் எஃகைப் போர்வைபோல் மூடிக் காப்பதோடு நிற்பதில்லை. தானே முதலில் அரிபட்டு எஃகை அரிபடாமல் வைக்கின்றது. ஆதலின் சிறு கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள நாகம் அக்கீறலையும் சிறிது காலம் காத்து நிற்கும். இந்த உதவியை வெறும் சாயத்திடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அப்பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எனவே நிறத்தைப் பாருங்கள். வெண்ணிறத் தூள் படிந்திருந்தால் அரிபடுவது நாகம். அடியிலிருக்கும் எஃகுக்கு இன்னும் ஆபத்தில்லை. கடினமான நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாலே பெரும்பாலும் போதும். செந்நிறம் தோன்றினால் அவ்விடத்தில் நாகம் தீர்ந்து எஃகே உண்ணப்படுகின்றது என்று பொருள். பழுதுபார்க்க வேண்டியது இந்தச் செந்நிற இடத்தை மட்டுமே. ஒரு மூலையில் துருவைக் கண்டு, பட்டை முழுவதையும் அரைக்கும் சக்கரத்தால் பளபளக்கச் செய்பவர், மீதமிருந்த நல்ல நாகத்தையும் தம் கையாலேயே அழித்துவிடுகின்றார். கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றித் துரு நீக்குபவரும் அதையேதான் செய்கின்றார். அமிலத்திற்குத் துருவைவிட நாகத்தின்மேல்தான் அதிக ஆசை.

நம் தோட்டத்து வண்டிக்கு இன்னொரு பகையும் உண்டு. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும், பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவும் நாகத்தைக் கரைக்கும். அம்மோனியம் சல்பேட் உரமும் ஈரம் பட்டால் அரிக்கும். இவற்றை ஏற்றிய நாளில், மாலையே வண்டியின் பின்தட்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மடிப்புகளில் தங்கும் செம்மண்ணையும் குச்சியால் நோண்டி எடுங்கள். அது ஈரத்தைப் பொத்தி வைத்திருக்கும்.

செந்துரு உள்ள இடத்தைக் கம்பித் தூரிகையாலும் தேய்தாளாலும் எஃகு மின்னும்வரை தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நன்கு உலர்ந்தபின், துத்தநாகத் தூள் மிகுந்த சாயத்தை இரு முறை பூச வேண்டும். தூள் எஃகை நேரே தொட்டால்தான் வேலை செய்யும். இடையில் துருவோ வேறு அடிச்சாயமோ இருக்கலாகாது. தூள் அடியில் தங்கிவிடுமாதலால் பூசும்போதும் கிளறிக்கொண்டே இருங்கள். நிறத்தைப் பார்த்து வெள்ளிச் சாயத்தை வாங்கிவிடாதீர்கள். அது அலுமினியம், நாகம் செய்யும் வேலையைச் செய்யாது. நாகத்தின்மேல் நேரே எண்ணெய்ச் சாயம் அடிப்பதும் வீண். சில காலத்தில் தோல் தோலாக உரியும். நிறம் வேண்டுமென்றால் நாகத் தகட்டுக்கென்றே விற்கும் அடிச்சாயத்தை முதலில் பூசுங்கள். துருவின்மேலேயே சாயம் அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

இனிச் சொல்லப்போவதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டுகின்றோம். ஓட்டை விழுந்த பட்டையை வெல்டிங் செய்யத் தோன்றும். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே, 907 பாகை செல்சியஸில், துத்தநாகம் கொதித்து வெண்புகையாகிவிடும். நாமறிந்த இளைஞர் ஒருவர், கதவடைத்த கொட்டகையில் பிற்பகல் முழுதும் அவ்வேலை செய்தார். இரவில் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. வீட்டார் மலேரியா என்று அஞ்சினர். மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. உலோகப் புகைக் காய்ச்சல் அது. புகையை உள்ளிழுத்துச் சில மணி நேரம் கழித்தே வரும். ஆகவே காரணம் புகைதான் என்று பலர் அறிவதேயில்லை. ஓய்வு நாள் கழிந்து வேலைக்குத் திரும்பும்போது கடுமையாகத் தாக்குவதால், திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பெயர் பெற்றிருக்கின்றது.

ஆகவே வெல்டிங் செய்யுமிடத்தின் இருபுறமும் ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் அளவுக்கு நாகத்தை முன்னதாகவே தேய்த்து நீக்குங்கள். நல்ல நாகத்தை நீக்கலாம் என்று நாம் சொல்வது இவ்வொரு வேலைக்கு மட்டுமே. திறந்த வெளியில், புகை முகத்தில் அடிக்காதபடி நின்று செய்யுங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டுவது இப்புகையைத் தடுக்காது. அதற்குரிய முகமூடியே வேண்டும். பால் குடித்தால் புகை இறங்கும் என்று பட்டறைகளில் சொல்வதும் மெய்யன்று. மூச்சுத் திணறினாலோ, மறுநாளும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதனை வெல்டிங் செய்தீர்கள் என்பதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்மைக் கேட்டால், பட்டையைக் கழற்றி மாற்றுவதே நலம். அலுமினிய உடலுடன் அதனை ஆணியடித்திருக்கின்றனர். ஆணிகளை நீக்கினால் வந்துவிடும். திரும்பப் பொருத்தும்போது எஃகும் அலுமினியமும் நேரே தொடாதபடி இடையில் சாயம் பூசுங்கள். பித்தளைத் திருகாணி வேண்டவே வேண்டாம். அது நாகத்தையும் அலுமினியத்தையும் ஒருசேர அரிக்கச் செய்யும்.

வெளிச்சம் இருக்கின்றது. கம்பித் தூரிகையும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டு வாருங்கள். வண்டியின் பின்கதவில், கீழ்விளிம்பிலிருந்து தொடங்குவோம். எது வெண்துரு, எது செந்துரு என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.