வெந்தயமும் அதன் அளவும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்தைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ப் பண்டிதன் வேண்டுமோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நீரிழிவுடைய நம்மவர் சிலர், வெந்தயம் இருக்க வைத்தியர் எதற்கு என்று மருந்தைக் கைவிடுகின்றனர். அஃது உயிருக்கே கேடாய் முடியுமாதலின் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

தெலுங்கர் மெந்துலு என்றும் வடநாட்டார் மேத்தி என்றும் வழங்கும் இஃது அவரைக் குடும்பத்துச் செடியாம். இதன் இலை கீரையாகும். விதை குழம்புக்கும் ஊறுகாய்க்கும் இட்லி மாவுக்கும் உதவும். பூப்பெய்திய பெண்ணுக்குக் களியாகவும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் பொருட்டுக் கஞ்சியாகவும், எண்ணெய் முழுக்கின்போது தலைக்கு அரைத்துத் தேய்க்கவும் நம் பாட்டிமார் இதனைக் கையாண்டனர். உணவின் அளவில் பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை.

நீரிழிவுக்கு இது துணை செய்யும் என்பதும் வெறுங்கதையன்று. ஊறிய வெந்தயத்தின் வழுவழுப்பு ஒருவகை நார்ச்சத்து. அது சர்க்கரை இரத்தத்திற் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் சர்க்கரை குறைந்தமை காணப்பட்டது. ஆனால் அவர்கள் கொடுத்தது கொழுப்பு நீக்கிய பொடி, நாளொன்றுக்கு 100 கிராம். நாம் காலையில் விழுங்கும் ஒரு கரண்டி எங்கே, அவ்வளவு எங்கே? இன்ஸுலின் சுரவாத உடம்புக்கு வெந்தயம் இன்ஸுலினாகாது. மருந்தோடு இதனையும் மிகுதியாக உண்டாலோ, சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து மயக்கம் நேரிடக்கூடும். ஆகையால் வைத்தியருக்கு அறிவித்தே உண்ணல் வேண்டும். அவரைக் கேளாது மருந்தை நிறுத்தலாகாது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியன சில உள. கருவுற்றிருக்குங்கால் குழம்பில் இடும் வெந்தயம் போதும். மருந்தாகப் பேரளவில் உண்ணற்க. பிரசவத்தை யொட்டித் தாய் இதனை உண்டால் சிசுவின் சிறுநீரில் பாகு போன்ற மணம் தோன்றும். அம்மணமே அடையாளமாகவுடைய கொடிய பிறவிநோய் ஒன்றுண்டு. வெந்தயம் உண்டதை முன்னரே சொல்லிவிட்டால் வைத்தியர் மயங்க நேராது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும், வேர்க்கடலை ஒவ்வாதோரும் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாய் உண்ணும் வழக்கமும் இக்காலத்தில் மிகுந்துள்ளது. 2011இல் ஜெர்மனி தேசத்தில் முளைகட்டிய விதைகளிற் பரவிய நுண்கிருமியால் ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையே அதற்குக் காரணமாயிருக்கலாமென ஆராய்ந்தோர் முடிவு கண்டனர். குற்றம் வெந்தயத்தினதன்று, அதிற் படிந்த அசுத்தத்தினது. விதையிலேயே கிருமி தங்குமாதலின் கழுவுவது மட்டும் போதாது. முளையை நன்கு வேகவைத்தே உண்க. குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் பச்சை முளையைக் கொடாதிருத்தலே தக்கது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் பெரியோர். பாட்டி தந்த வெந்தயத்தையும் போற்றுவோம். வைத்தியர் தந்த மருந்தையும் விடாதிருப்போம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. இதனை வீட்டிலுள்ள முதியோர்க்கு இன்றே எடுத்துச் சொல்லுமாறு வேண்டி அமைகின்றேன்.