காற்றின் கணக்கு



ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சென்றோர் முப்பந்தலில் நிரல்நிரலாகச் சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பர். தென்மேற்குப் பருவக்காற்று அக்கணவாயில் நெருக்குண்டு விரைவு பெறுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். இறக்கையின் நீளம் இருமடங்கானால் அது சுழலும் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே, தகுந்த இடமும் தகுந்த பொறியுமே இத்தொழிலின் உண்மையான முதலாகும்.

1990களில் காற்றாலை நிறுவியோர்க்கு, அதன் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளித்தது. நூற்பாலைகள் பல முன்வந்தன, தொழிலும் வேரூன்றியது. ஆயினும் அச்சலுகை பொறியை நிறுவியதற்கே உரியது. அது மின்சாரம் தந்ததற்கு அன்று. வரியை எண்ணி வாங்கியவர் காற்றை எண்ணவேண்டிய கட்டாயம் இல்லை. இக்குறையை உணர்ந்தே நடுவண் அரசு 2009இல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை அறிவித்தது.

இன்றும் நல்ல காற்று வீசும் இடங்கள் பலவற்றைப் பழைய சிறு பொறிகளே பிடித்துக்கொண்டுள்ளன. அவற்றை அகற்றிப் பெரியன நிறுவுதல் செலவுமிக்க பணியே. எனினும் வீணாகும் காற்று மீண்டும் வாராது.

நம் இளைஞர்கள் இத்துறையில் முதலிடுமுன், வரி எவ்வளவு குறையும் என்று கேளாது, ஆண்டுக்கு எத்தனை யூனிட் விளையும் என்று கேட்பாராக.