பாத்திரம் கழுவும் மெஷினும் நம் போர்வெல் தண்ணீரும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிஷ்வாஷர் பராமரிப்பு பற்றிப் பேசச் சொல்லி நம் செயலாளர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் காரும் லாரியும் செய்கிறவர்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலை 2007 முதல் இயங்குகிறது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் பி.எஸ்.எச். நிறுவனம் 2014-ல் வாஷிங் மெஷின் தொழிற்சாலை திறந்தது. இவ்வளவு பேர் மெஷின் செய்கிற ஊரில் நம் வீட்டு மெஷின் நின்றுபோனால் மட்டும் எல்லோரும் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். அந்த வரிசையில் நானும் நின்று, காசும் கொடுத்து, ஒரு அவமானமும் பட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நாங்கள் மெஷின் வாங்கியது ஆசைக்காக இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா ஒரு கம்பெனி கேன்டீன் வேலைக்குப் போய்விட்டார். மாதச் சம்பளம், பி.எஃப்., ஷிப்ட் பஸ் எல்லாம் உண்டு. அவர் போனது நியாயம்தான். அதே சமயத்தில் என் மனைவிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. நான் தேய்த்தால் அவருக்குத் திருப்தி இல்லை. ஆக மெஷின் வந்தது.

முதல் வருடம் நிம்மதியாக ஓடியது. அப்புறம் கண்ணாடி டம்ளர்களில் வெள்ளையாகப் பூத்தது. "மெஷின் சரியில்லை" என்று நாங்கள் அதைத் திட்டிக்கொண்டே இருந்தோம். வாரண்டி முடிந்து சில மாதம் ஆனதும் ஒரு நாள் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் தம்பி வந்தார், பத்து நிமிடம் பார்த்தார். "பம்ப் மோட்டார் போச்சு சார், எட்டாயிரத்து நானூறு ஆகும்" என்றார். வவுச்சர் பார்க்காமல் கையெழுத்துப் போடாத கை இது. "கழற்றிக் காட்டுங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்ட்ஸ் வரும்போதுதான் கழற்றுவோம் என்று சொல்லி, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. பிளக்கைப் பிடுங்கி, கீழே தேங்கிய தண்ணீரை டம்ளரால் மொண்டு எடுத்து, ஃபில்டரைத் திருகிக் கழற்றினேன். அதற்கு அடியில் பம்ப்புக்கு ஒரு சின்ன மூடி இருக்கிறது என்று கையேட்டில் படம் போட்டிருந்தது. அதையும் நெம்பி எடுத்தேன். உள்ளே சின்ன விசிறி. அதில் ஒரு எலுமிச்சங்கொட்டையும் உடைந்த கண்ணாடிச் சில்லும் மாட்டியிருந்தன. நல்ல வேளை, கையுறை போட்டிருந்தேன். இரண்டையும் எடுத்து மூடினேன், ஓடியது. செலவு பூஜ்யம்.

அத்தோடு நின்றிருந்தால் நான் ஹீரோ. இரண்டு வாரத்தில் மெஷினுக்கான மாத்திரை தீர்ந்துபோனது. "ஒரு தடவைதானே" என்று கையால் தேய்க்கிற திரவ சோப்பை ஊற்றினேன். நுரை பொங்கி, கதவு இடுக்கு வழியாக வழிந்து, கீழ் வீட்டு சமையலறை சீலிங்கில் இறங்கிவிட்டது. அந்த வீட்டில் கைக்குழந்தை. அவர்கள் படியேறி வந்து கேட்டபோது, "மெஷின் கோளாறு" என்று வாய் கூசாமல் சொன்னேன். மறுநாள்தான் போய் உண்மையைச் சொல்லி, பெயிண்ட் செலவையும் கொடுத்தேன். ஆகவே இது வெறும் பாத்திர விஷயம் இல்லை, நண்பர்களே. அடுக்குமாடியில் என் அலட்சியம் அடுத்தவர் கூரையில்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் இந்த மெஷினுக்கு முதல் எதிரி தண்ணீர். நம் போர்வெல் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ன்படி 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம். நாம் அதையும் தாண்டியவர்கள். ஒரு எச்சரிக்கை: வீட்டில் பேனா மாதிரி வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கடினத்தன்மை அல்ல. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாகக் காட்டும். மெஷினுக்குக் கெடுதல் செய்வது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். சூடு பட்டால் இவை சுண்ணாம்பாகப் படிந்து, ஹீட்டரில் கம்பளி போர்த்தியது போல ஒட்டிக்கொள்ளும். கரண்ட் கூடும், கழுவுவது குறையும்.

இதற்காகத்தான் மெஷினுக்குள்ளேயே தண்ணீரை மென்மையாக்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். வங்கிக் கணக்கு மாதிரிதான். உப்பு வரவு இல்லாவிட்டால், மென்மையான தண்ணீர் செலவுக்கு இருக்காது. இதில் நாம் செய்கிற தவறுகள் மூன்று.

ஒன்று, வாங்கியபோது இருந்த செட்டிங்கை அப்படியே விட்டுவிடுவது. கையேட்டில் கடினத்தன்மைக்கு ஓர் அட்டவணை இருக்கும். ஜெர்மன் டிகிரியில் கொடுத்திருந்தால், ஆய்வக எண்ணை 17.8-ஆல் வகுங்கள். நம் 640 என்பது சுமார் 36 டிகிரி. அதற்குரிய எண்ணை வையுங்கள். என் டம்ளர் வெள்ளையாகப் பூத்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டு, சமையல் உப்போ கல் உப்போ போடுவது. தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறது. கல் உப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும். எதை வெளியேற்ற மெஷின் பாடுபடுகிறதோ அதையே ஊட்டுவது போல ஆகும். டிஷ்வாஷர் உப்பு என்றே விற்பதைப் போடுங்கள். போட்ட கையோடு மெஷினை ஒரு முறை ஓட்டுங்கள். சிந்திய உப்பு நீர் ஸ்டீலை அரிக்கும்.

மூன்று, "ஆல் இன் ஒன்" மாத்திரை போடுகிறோம், உப்பு எதற்கு என்பது. மிதமான தண்ணீருக்கு அது போதும். நம் தண்ணீருக்குப் போதாது.

வெள்ளைப் படிவு வந்தால் ஒரு சின்ன சோதனை: கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேயுங்கள். போய்விட்டால் சுண்ணாம்பு, சரிசெய்யலாம். போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது, அது திரும்பாது.

அடுத்து, ஒரு பராமரிப்புப் பட்டியல். இதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறை: ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். நம் சமையலில் கறிவேப்பிலை, கடுகு, ஏலக்காய்த் தோல், புளிச் சக்கை எல்லாம் உண்டு. பாத்திரத்தை முன்கூட்டித் தேய்க்க வேண்டாம், ஆனால் மிச்சத்தை வழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். கதவு ரப்பரையும் கதவின் கீழ் விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கேதான் எண்ணெய்ப் பிசுக்கு சேரும்.

மாதம் ஒரு முறை: தண்ணீர் தெளிக்கும் கைகளைக் கழற்றி, துளைகளைப் பல்குச்சியால் குத்திவிடுங்கள். காலி மெஷினில் டீஸ்கேலர் போட்டு, அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் கலந்த எதையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

டேங்கர் லாரி தண்ணீர் விட்ட பிறகும், சம்ப் கழுவிய பிறகும்: குழாயை மூடி, தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன வலை இருக்கும். மண் அடைத்திருக்கும். அலசிவிட்டு மாட்டுங்கள். "தண்ணீர் வரவில்லை" என்று மெஷின் அலறினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மேல் மாடியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம். மொட்டை மாடித் தொட்டி உங்கள் குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார். பல மெஷின்களுக்கு 0.5 பார் வேண்டும். மெஷினைக் குறை சொல்லுமுன் கையேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். ஒரு சின்ன பிரஷர் பம்ப் போதும்.

மெஷின் ஓடாமலே பம்ப் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தால், அடித்தட்டில் தண்ணீர் கசிந்து, பாதுகாப்பு ஸ்விட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். நம் பக்கத்தில் வயல் எலிகள் ஹோஸைக் கடிப்பதும் உண்டு. சுவரில் ஹோஸ் போகும் ஓட்டையை அடைத்து வையுங்கள்.

நாம் தொடக்கூடாததும் இருக்கிறது. ஹீட்டர், எலக்ட்ரானிக் போர்டு, உள் ஒயர், இவை நம் வேலை இல்லை. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி லேசாகத் தோன்றினாலும் அன்றே நிறுத்துங்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

மெக்கானிக் வரும்போது என்ன கோளாறு, திரையில் என்ன குறியீடு வந்தது என்று எழுதி வைத்துக் கொடுங்கள். பாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் பாகத்தின் பெயரும் உழைப்புக் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. கையேடு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை நிறுவனங்கள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். தீராத தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறவர் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குப் போட்டு ஓடுகிற பிள்ளைகள் அவர்கள். நாம் ஃபில்டரைக் கழுவி வைத்திருந்தால் அவர்களுக்கும் நேரம் மிச்சம்.

கடைசியாக சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். காலாண்டுக்கு ஒரு முறை தண்ணீரைப் பரிசோதித்து, கடினத்தன்மை எண்ணை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். வாஷிங் மெஷின், கீசர் வைத்திருப்பவர்களுக்கும் அது உதவும். டேங்கர் வரும் நாளை முன்னாலேயே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

கையேட்டைத் தொலைத்தவர்கள் என்னிடம் வாருங்கள், நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கித் தருகிறேன். ஃபில்டர் கழற்றத் தயக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், நானே வருகிறேன். விசிட்டிங் சார்ஜ் ஒரு டம்ளர் காபி. டம்ளர் மட்டும் வெள்ளை பூக்காமல் இருக்க வேண்டும்!