அன்றும் இன்றும்: ஓரிடத்தின் இரு படங்கள்



பழைய புகைப்படம் ஒன்றைக் கையிலேந்தி, அது எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று மீண்டும் படமெடுத்து, இரண்டையும் ஒப்பிடுவதை நாம் வெறும் பொழுதுபோக்காகக் கருதிவிடலாகாது.

மதுரையை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டு அங்கே எடுத்த படங்களில் திருமலை நாயக்கர் மகால் சிதைந்து நிற்கிறது. 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவே அதனைச் செப்பனிடச் செய்தார். ஆகவே, மகாலைப் பொறுத்தவரை இன்றைய படமே சிறந்தது! பழமைக்குப் பெருமூச்சு விடுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வைகையின் தரைப்பாலத்தையும் அவர் படமெடுத்துள்ளார். ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்தது 1889இல்தான்.

அன்று படமெடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டறிவதே கடினம். முன்னுள்ள தூணின் விளிம்பு பின்னுள்ள சுவரை எங்கே தொடுகிறது என நோக்கி, இடமும் வலமுமாக நகர்ந்து பொருத்த வேண்டும். நிழல் வேளையைச் சொல்லும். மற்றொன்று: அக்காலத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் பிடித்ததால் நடமாடியோர் பதியவில்லை. வெறிச்சோடிய தெருவைக் கண்டு ஊரே ஆளற்றுக் கிடந்ததென எண்ணிவிடக் கூடாது.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் ஆண்டும் இடமும் குறிக்கப்படாத படங்கள் உள்ளன. விவரம் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவற்றின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதி வைப்போம்.